ஃபைனல்... புது ஃபைனல்... ரொம்ப ஃபைனல்!

உங்க பென்டிரைவைக் கொஞ்சம் திறந்து பாருங்க. 'புராஜெக்ட் ஃபைனல்', 'புராஜெக்ட் புது ஃபைனல்', 'ரொம்ப ஃபைனல்'... மூணும் இருக்கா? அப்ப இந்தப் பக்கம் உங்களுக்குத்தான் பாஸ்!

உங்களுக்கு இது காமெடி. எங்க சிவகாசியில இது காசு. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியானதும் பிரஸ்கள்ல ஆர்டர் குவிய ஆரம்பிக்கும். முருகன் படம் ஒண்ணுதான். கீழே அச்சாகிற கடைப் பேர்தான் ஆர்டருக்கு ஆர்டர் மாறும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பிரஸ்ல, ராஜபாளையம் ஜவுளிக்கடை காலண்டர்ல சாத்தூர் நகைக்கடை பேர் ஏறிடுச்சு. ரெண்டு ஃபைலுக்குமே பேர் 'ஃபைனல்'. தப்பானது பிளேட்டுக்குப் போயிடுச்சு. அச்சடிச்ச தாள் அத்தனையும் எடைக்கு! திட்டு வாங்கினது டிசைனர் அண்ணன். ஆனா என் கட்சி வேற. நூத்துக்கணக்கான ஃபைலுக்குக் கையால பேர் வைக்கச் சொன்ன முறைதான் குற்றவாளி.

சரி, வேற என்ன வழி? 1984-ல அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் குனூத் 'லிட்டரேட் புரோகிராமிங்'னு ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராமை மனுஷன் படிக்கிற கட்டுரை மாதிரி எழுது, கோடிங் அதுக்கு நடுவுலயே இருக்கட்டும்ங்கறதுதான் விஷயம். அவரோட சிஸ்டத்துல ரெண்டு கருவி. 'வீவ்', நாம படிக்கிற பிரதியை நெய்து கொடுக்கும். 'டேங்கிள்', மெஷினுக்கான கோடிங்கைப் பிரிச்செடுக்கும். இன்னிக்கு ஆர் மார்க்டவுன், குவார்ட்டோ, ஈமேக்ஸ்ல ஓடுற ஆர்க் மோட்னு அதோட பேரப்பிள்ளைங்க நிறைய. எல்லாமே இலவசம்!

இப்ப ஒரு கணக்கு. விருதுநகர் மாவட்டத்துல 10 தாலுகா. தாலுகாவுக்கு ஒரு மழை ரிப்போர்ட் வேணும். ஆர் மார்க்டவுன்ல ரிப்போர்ட்டை ஒரே தடவை எழுதி, தாலுகா பேரை மட்டும் மாத்தி மாத்திக் கொடுத்து லூப் போடலாம். 10 தடவை ஓடும். ஃபோல்டரைத் திறந்தா... ஒரே ஒரு ஃபைல்! கடைசி தாலுகா மட்டும். ஒவ்வொண்ணும் முந்தினதை அழிச்சுட்டு அதே பேர்ல உட்கார்ந்திருக்கும். எர்ரர்னு ஒரு வார்த்தை வராது.

மருந்து சிம்பிள். ஃபைல் பேர் கேட்கிற இடத்துல ஒரே பேரை எழுதாம 'மழை, தாலுகா, வருஷம்' மூணையும் ஒட்டச் சொல்லுங்க. ஆர்க் மோட்ல டேங்கிள் பண்ற இடத்துல, ஃபைல் பேருக்குப் பதிலா ஒரு குட்டி லிஸ்ப் வரியையே எழுதலாம். பேரை அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும்.

காலண்டருக்கும் இதே ஃபார்முலாதான். ஆர்டர் பட்டியல்ல இருக்கிற கடைப் பேரே தாள்லயும் ஏறணும், ஃபைல் பேர்லயும் ஏறணும். ரெண்டுக்கும் ஊற்று ஒண்ணா இருந்தா ஆள் மாறாட்டம் எங்கேருந்து வரும்?

ஆனா மூணு இடத்துல உஷார்!

முருகன் ஸ்டோர்ஸ் சாத்தூர்லயும் இருக்கும், சிவகாசியிலயும் இருக்கும். கடைப் பேர் மட்டும் போட்டா ஒண்ணு இன்னொண்ணை முழுங்கிடும். ஆர்டர் நம்பரையும் சேருங்க.

நம்ம பில்கள்ல கடைப் பேருக்கு முன்னால 'எம்' போட்டு, ஒரு சாய்கோடு போட்டு, 'எஸ்' எழுதுவாங்களே? அந்தக் கோட்டைப் பார்த்தா கம்ப்யூட்டர் ஃபோல்டர்னு நினைச்சுக்கும். முதல்லயே எடுத்துடுங்க.

தேதி சேர்த்தா வருஷம், மாசம், நாள்னு எழுதுங்க. அப்பதான் வரிசை தானா சரியா நிக்கும்.

கடைசியா ஒண்ணு. ஏன் இப்படிப் பேர் வச்சோம்னு அந்தக் கட்டுரையிலேயே ரெண்டு வரி எழுதி வையுங்க. நாளைக்கு நீங்க வேலை மாறிப் போயிடுவீங்க. உங்க சீட்டுக்கு ஒரு புதுப் பையன் வருவான். பிளேட் போடற அவசரத்துல, யாரையும் கேட்காம சரியான ஃபைலை எடுத்துட்டு, திட்டு வாங்காம வீட்டுக்குப் போவான். அது போதாதா பாஸ்?