ஒன்பதாம் நாள்

கம்பி கட்டுபவர்தான் முதலில் சொன்னார். "சார், பால்கனிப் பக்கம் கம்பி இறங்கிருச்சு. சேர் பத்தல."

அப்போது ரூஃப் கான்கிரீட் பாதியைத் தாண்டியிருந்தது. கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சித்தாட்கள் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். மேற்கே மேகம் திரண்டுகொண்டு வந்தது. "வைப்ரேட்டர் போடும்போது தூக்கி விட்டுக்கலாம்ணே, நீங்க அந்தப் பக்கம் பாருங்க" என்றேன். தூக்கி விட்டார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அது 2014 சித்திரை. திருச்சிக்கு வெளியே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. நான் சொந்தமாக ஒப்பந்தம் எடுக்கத் தொடங்கி அது மூன்றாவது வேலை. கீழ்த்தளத்தை முடித்து வைகாசிக் கடைசியில் புதுமனை புகுவிழா நடத்துவதென்று நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். அது தவறினால் ஆனியும் ஆடியும் போய் ஆவணிதான். அந்தத் தேதிக்குத் தலையாட்டியவன் நான். மழைக்கு இத்தனை நாள், மணல் வராவிட்டால் இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் ஒரு நாள்கூடக் கேட்டு வாங்கவில்லை. கேட்டால் வேலை இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்று பயந்தேன்.

கம்பி இறங்குவது என்றால் என்னவென்று வீடு கட்டுகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அறைக்கு மேலே இருக்கும் தளம் நாலு பக்கமும் சுவரில் உட்காருகிறது. அது நடுவில் கீழே தொங்கப் பார்ப்பதால் முக்கியக் கம்பி அடிப்பக்கம் வரும். பால்கனியும் சன்ஷேடும் அப்படியல்ல. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம், மறுபக்கம் அந்தரம். சுவரை ஒட்டிய மேல்பரப்புதான் பிளக்கப் பார்க்கும். ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும். அதை மேலே தாங்கி நிற்பது சேர் என்று நாங்கள் சொல்லும் வளைத்த துண்டுக் கம்பி. வெட்டிப் போட்ட மிச்சத்திலேயே செய்துவிடலாம். அது போதாமல் போனால், கான்கிரீட் போடுகிறவர்கள் மிதித்து நடக்க நடக்கக் கம்பி பலகையோடு போய்ப் படிந்துவிடும். 5 அங்குலத் தளத்தில் மேலே இருக்க வேண்டிய கம்பி அடியிலிருந்து ஓர் அங்குலத்தில் கிடந்தால், அதன் வலு ஏறக்குறைய கால் பங்காகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூசி, வெள்ளையடித்துவிட்டால் அழகாகவே இருக்கும்.

பலகையையும் அதை அடியில் தாங்கும் முட்டுகளையும் எப்போது பிரிக்கலாம் என்பதற்குக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 கணக்குச் சொல்கிறது. 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள்; 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள். இதுவும் சாதாரண சிமென்டுக்குத்தான். நாம் இப்போது பெரும்பாலும் வாங்குவது சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். அது மெதுவாகத்தான் இறுகும், இன்னும் பொறுக்க வேண்டும். பால்கனிக்கு 14 நாளுக்குக் குறைத்து விடக்கூடாது என்பது கல்லூரியை முடித்து வந்த முதல் மாதத்திலேயே எனக்குத் தெரியும்.

எட்டாம் நாள் சென்டரிங் மேஸ்திரி போன் செய்தார். தகடும் முட்டும் வாடகைக்கு எடுத்தவை, அடுத்த சைட்டில் கேட்கிறார்கள் என்றார். எனக்கும் சீலிங் பூச்சு தொடங்க வேண்டும். அதோடு, நேரத்தை மிச்சம் பிடிக்க ஆறாம் நாளே பால்கனி மேல் செங்கல் கைப்பிடிச் சுவரையும் எழுப்ப வைத்திருந்தேன். "சரி, பிரிச்சிருங்க" என்றேன். பால்கனி முட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலை. 12 அடி நீளம், 4 அடி அகலம், மேலே ஒரு சுவர். தளம் மட்டுமே ஏறக்குறைய 1,400 கிலோ. கடைசி முட்டைத் தட்டியபோது சுவரோரமாகப் பிளந்து அப்படியே மடங்கி இறங்கியிருக்கிறது. கீழே நின்ற 22 வயதுத் தம்பி பின்னால் தாவியதால் உயிர் தப்பினான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. நான் போனபோது அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உடைந்த வாயில் கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் அடியில். கம்பி கட்டுபவர் அங்கேதான் நின்றார். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மருத்துவச் செலவையும், அவன் நடக்கும்வரை கூலியையும் கொடுத்தேன். விழா ஆவணிக்குப் போனது. அந்த நஷ்டமும் என்னுடையது. இவற்றைவிட எனக்கு வலித்தது வேறொன்று. வரைபட அனுமதியின்போது கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்கென்று கட்டடச் செலவில் 1 சதவீதம் நானே கட்டி, ரசீதைக் கோப்பில் வைத்திருந்தேன். அந்தத் தம்பி நல வாரியத்தில் பதிவே செய்யவில்லை. உன்னிடம் அட்டை இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சில வாரங்களில், ஜூன் 28 அன்று, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பலர். டீக்கடையில் டிவி பார்த்தவர்கள் கட்டியவனைத் திட்டினார்கள். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ரிஸ்க் எப்போதும் கீழ்நோக்கித்தான் இறங்குகிறது. வீட்டுக்காரர் தேதியை ஒப்பந்தக்காரர் தலையில் வைக்கிறார். அவர் சதுர அடிக் கூலிக்குப் பேசி சென்டரிங் மேஸ்திரியிடம் தள்ளுகிறார். தகடு எத்தனை சீக்கிரம் அடுத்த சைட்டுக்குப் போகிறதோ அத்தனை லாபம் மேஸ்திரிக்கு. கடைசியில் முட்டுக்கு அடியில் நிற்பவன், அந்தத் தேதியை யார் குறித்தார்கள் என்றுகூடத் தெரியாதவன். பிரி என்று சொன்ன நான் போனில் இருந்தேன்.

இன்று என் சைட்டில் கான்கிரீட் போட்ட தேதியையும் முட்டு எடுக்கும் தேதியையும் சுவரிலேயே பெயின்டில் எழுதிவிடுகிறோம். வாடகை கூடினால் அது என் கணக்கு; மேஸ்திரி அவசரப்பட வேண்டியதில்லை. பால்கனி முட்டை நுனியிலிருந்து சுவரை நோக்கித்தான் எடுக்கிறோம், எடுக்கும்போது நானும் அங்கே நிற்கிறேன். கம்பி கட்டுபவர் கை காட்டினால் மெஷின் நிற்கும். இவற்றால் நான்கைந்து வேலைகள் என் கையை விட்டுப் போயின.

அந்தத் தம்பி இப்போது காய்கறிக் கடை வைத்திருக்கிறான். அந்தக் காலை மடக்கித் தரையில் உட்கார இன்றும் முடியவில்லை.

வீடு கட்டப்போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஜோசியரிடம் நாள் குறிக்கப் போகும் முன், பலகையை எத்தனையாம் நாள் பிரிப்பீர்கள் என்று கட்டித்தருகிறவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் நாளோடு இன்னும் ஒரு மாதத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகு பத்திரிகை அடியுங்கள்.