பொகோங் விட்டிலின் மலைப்பயணம்

மார்கழிக் குளிருக்கு நாம் போர்வை தேடும் காலம் அவுஸ்திரேலியாவிற் கோடை. அக்காலத்தில், அக்கண்டத்தின் தென்கிழக்கே 2,228 மீற்றர் உயர்ந்து நிற்கும் கொசியஸ்கோ மலைப்புறத்துக்குச் செல்வோர், உச்சியை அடுத்த கருங்கற் பிளவுகளுள் விளக்கைக் காட்டிப் பார்ப்பாராயின், பாறையே மீன்செதில் பூண்டது போன்ற காட்சியைக் காண்பர். செதிலன்று, விட்டில்கள்! ஒன்றன் சிறகின்கீழ் மற்றொன்று தலையைப் புதைத்து, சதுர மீற்றருக்கு 17,000 வரை நெருங்கி உறங்குகின்றன.

பொகோங் என்னும் இவ்விட்டிலை அழகென்று சொல்ல மனம் வராது. கபில நிறம், விரித்த சிறகு 5 சென்ரிமீற்றர் அளவே, முன்சிறகிற் கறுத்த கோடும் வெளிறிய இரு புள்ளிகளும் உண்டு. வாழ்க்கையோ பெருவிந்தை.

தென் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸின் மேற்குச் சமவெளிகளிலும் இலையுதிர்காலத்தில் முட்டையிடுகின்றது. புழு பகலில் மண்ணுள் ஒளிந்து, இரவில் இளந்தண்டுகளை அறுத்துத் தின்னும். ஆதலின் கமக்காரருக்குப் பகை. மண்ணுள்ளேயே கூட்டுப்புழுவாகி, வசந்தத்திற் சிறகுடன் வெளிவந்ததும், முன்பின் கண்டறியாத மலையை நாடி இரவிரவாகப் பறக்கின்றது. தூரம் 1,000 கிலோமீற்றர் வரையாகும். வழிகாட்ட மூத்தோர் இலர்; பெற்றவை இறந்து மாதங்கள் கழிந்தன. பூமியின் காந்தப்புலத்தை அது உணர்கின்றதென 2018இலும், விண்மீன்களைக் கொண்டும் திசை அறிகின்றதென 2025இலும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். கன்பரா நகரின் விளக்குகள் மட்டும் இடைவழியில் மயக்கிவிடுகின்றன. பாராளுமன்றத்தினுள்ளும் கூட்டமாகப் புகுந்ததுண்டு! கோடை தணிந்ததும் அவையே சமவெளிக்கு மீண்டு, முட்டையிட்டு மாள்கின்றன.

கொழுப்பு மிக்க இவ்விட்டிலை வாட்டி உண்பதற்காகப் பூர்வீகக் குடிகள் கோடையில் மலையேறினர். மலைவாழ் உயிரொன்றுக்கும் இதுவே விருந்து. கங்காருவைப் போல வயிற்றிற் பையுடைய, சுண்டெலியினும் சற்றே பெரிய குட்டிப் பொசம் 1895 முதல் எலும்பெச்சமாகவே அறியப்பட்டிருந்தது. 1966இல் ஹொதம் மலையிலே பனிச்சறுக்கு விடுதியொன்றில் உயிருடன் அகப்பட்டது. பனிக்காலமெல்லாம் உறங்கிப் பசியோடு எழும் அதற்கு, விட்டில் வந்தாற்றான் வாழ்வு.

2017இல் தொடங்கிய வறட்சியிற் சமவெளி கருகிற்று. புழுவுக்குப் பச்சிலை இல்லை. தொலைமலைக் குகைகள் வெறுமையாயின. பொசத் தாய்களின் பைகளிற் குட்டிகள் மாண்டன. 2021இல் இவ்விட்டில் அழிவை எதிர்நோக்கும் இனமாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றது. பின்னர் மழை பெய்தது; விட்டில்களும் ஓரளவு மீண்டன. அவை கடந்து செல்லும் வசந்த இரவுகளில் வெளிவிளக்குகளை அணைத்துவைக்குமாறு விக்டோரியா மாநில விலங்கினச்சாலையார் ஊராரைக் கேட்டுக்கொண்டனர்.