கொங்கு நாட்டுப் பனியும் மேனியும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் தமிழர். அவற்றுள் வேனிலுக்கு இரண்டு, பனிக்கும் இரண்டு. மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் உரையாசிரியர்கள் வகுத்துரைப்பர். வெயிலையே பேசிப் பழகிவிட்ட நாம் பனிக்குரிய பங்கை மறந்துவிட்டோம். "கோயமுத்தூரிலும் ஒரு குளிரா?" என்று சென்னை நண்பர் ஒருவர் நம்மிடம் நகைத்ததுண்டு. தை மாதத்தில் நான்கு நாள்கள் இங்குத் தங்கிய அவர், உதடு வெடித்துத்தான் ஊர் திரும்பினார்.

வெப்பமானியை மட்டும் நோக்கின் அந்நண்பர் கூற்றில் பிழையில்லை. உதகையைப்போல் இங்கு உறைபனி விழுவதில்லை. தை மாத வைகறையிலும் குளிர் பெரும்பாலும் 18 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். மேனியை வாட்டுவது குளிரினும் காற்றின் வறட்சியே ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கீழைவாயிலில் நம் நகர் அமைந்துள்ளது. ஆனி, ஆடித் திங்கள்களில் அரபிக்கடலின் ஈரக்காற்று அவ்வழியே வந்து நம்மைத் தழுவும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின்னரோ, கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதே கணவாயை நோக்கி விரையும். விடியலில் புல்நுனியில் பனித்துளி நிற்கும். நண்பகலில் காற்றிலுள்ள ஈரம் வற்றிவிடும். அந்நாள்களில் சிறுவர்கள் முழங்காலுக்குக் கீழே நகத்தால் தத்தம் பெயரை எழுதி விளையாடுவர். வெண்ணிறத்தில் எழுத்துத் தோன்றும். தோல் தாகங்கொண்டதற்கு அதுவே சான்று.

மேல்தோலின் புறப்படலம் தாளினும் மெல்லியது. அதில் உயிரற்ற அணுக்கள் செங்கற்போல் அடுக்கப்பட்டிருக்க, கொழுப்பு அவற்றிடையே சாந்தாக நின்று ஈரத்தைக் காக்கின்றது. சுடுநீரும் சோப்பும் அச்சாந்தைக் கரைத்துவிடும். எஞ்சியதை வறண்ட காற்று பார்த்துக்கொள்ளும். நூற்பாலையில் பணிபுரிந்தோர்க்கு இதனை விளக்கவே வேண்டுவதில்லை. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றிய நாள்தொட்டு ஆலைத்தொழிலால் வளர்ந்த நகர் இது. காற்று வறண்டால் பருத்தி இழை அறும் என்பதால் ஆலைக்கூடங்களில் காற்றுக்கு ஈரமூட்டுவர். இழைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியையேனும் நம் தோலுக்கு நாம் காட்டுகின்றோமா என்பது ஐயமே!

எண்ணெய் இதற்கு மருந்தென்பதை நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். பொள்ளாச்சித் தென்னையும் காங்கேயத்து எண்ணெய்ச் செக்கும் அருகிருக்க நமக்கு என்ன குறை? ஆயினும் நாம் செய்வதென்ன? உடலெங்கும் எண்ணெய் பூசி ஊறவைத்து, பின் அரப்பும் சோப்பும் இட்டுத் துளியும் எஞ்சாமல் தேய்த்துக் கழுவிவிடுகின்றோம். தலைக்கு அது பொருந்தலாம், கைகால்களுக்கு அன்று. வெதுவெதுப்பான நீரில் விரைந்து குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ மெல்லப் பூசுவதே முறை. ஈரத்தின்மேல் பூசும் எண்ணெய் அதனைச் சிறைப்படுத்தும். உலர்ந்த தோலில் பூசினால் அவ்வளவு பயன் தராது. நாளைக்கு ஐந்து முறை ஒளுச் செய்வோரும், மார்கழியில் வைகறை நீராடி விரதம் காப்போரும் இதனைக் கருத்திற் கொள்வது நலம். விரலிடுக்குகளில் மட்டும் எண்ணெய் வேண்டா. அங்கு ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். துடைத்து உலர்த்தினால் போதும்.

இவையெல்லாம் அழகுக்குரிய செய்திகள் என்று இளைஞர்கள் எண்ணிவிடலாகாது. நம் பெரியத்தா பல்லாண்டுகள் சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர். குளிர்காலந்தோறும் அவர்தம் குதிகாலில் பித்தவெடிப்புத் தோன்றும். ஒரு மார்கழியில் சுபுஹுத் தொழுகை முடித்து வந்தவர், குளிருக்கு இதமாக இருக்குமென்று வாளிச் சுடுநீரில் கால்களை வைத்தமர்ந்தார். நோயால் உணர்விழந்த பாதம் சூட்டை அறியவில்லை. கொப்புளம் கண்ட பின்னரே வீட்டார் அறிந்தனர். வெடிப்பின் வழியே நச்சு ஏறி, மாசி முடிவதற்குள் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. அதன்பின் பள்ளிவாசல் படியேற அவருக்கு ஒரு தோள் தேவைப்பட்டது. எனவே முதியோர் உள்ள இல்லங்களில், நீரின் சூட்டை அவர்தம் காலால் அளக்கவிடாது, வீட்டிலுள்ள மற்றொருவர் முழங்கையால் தொட்டு அளந்து தருதல் வேண்டும். இரவில் விளக்கொளியில் அவர்தம் உள்ளங்காலை நோக்கி, எண்ணெய் தடவி, பருத்திக் காலுறை அணிவிக்கலாம். பேரப்பிள்ளைகள் செய்யத்தக்க பணி இது. வெடிப்பில் குருதியோ நீரோ கசிந்தால் கைவைத்தியம் வேண்டா, மருத்துவரிடம் செல்க. அரிப்புக்கென்று மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்புகள் நாளடைவில் தோலை மேலும் மெலியச் செய்யும்.

பழனிமலைப் பக்கத்தை ஆண்ட பேகன், தோகைமயில் குளிரில் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை ஈந்தான் என்பது கடையெழு வள்ளல்கள் வரலாறு. மயிலுக்குப் போர்வை தேவையில்லை என்று வகுப்பில் மாணவர் சிலர் வாதிடுவர். வாதம் சரியே. ஆனால் இன்று நம்மிடையே போர்வை தேவைப்படுவோர் உளர். விடியலுக்கு முன் உக்கடம் மீன் சந்தையில் பனிக்கட்டியில் கைபுதைத்துப் பெட்டி பிரிப்போரை நாம் கண்டிருக்கின்றோம். நனைந்தும் காய்ந்தும் அவர்தம் விரற்கணுக்கள் பிளந்து கிடக்கும். அப்பிளவில் உப்புநீர் பட்டால் முகம் சுளிக்கவும் அவர்க்குப் பொழுதில்லை. ஓரிணை ரப்பர்க் கையுறையும் ஒரு சிறு வாசலின் டப்பாவும் அவர்க்கு ஒரு திங்களுக்குக் காணும். வரும் மார்கழியில் நம் துறை மாணவர்கள் முதற்கண் அச்சந்தைக்குச் செல்வதாக இசைந்துள்ளனர்.