கயிற்றின் மேல் நடை

களுத்துறைக் கரையோரத் தென்னைகளை உச்சியிலே தும்புக்கயிறுகள் பிணைத்திருக்கும். கீழ்க்கயிற்றில் பாதம் பதித்து, மேற்கயிற்றைப் பற்றியவாறு மரம் விட்டு மரம் செல்வர் கள்ளிறக்குவோர். விரியாத பாளையைக் கட்டித் தட்டி, நுனி சீவி, வடியும் சாற்றை முட்டியிலே சேர்ப்பர். புளித்த கள்ளே பின்னர் வடிக்கப்பட்டுச் சாராயமாகின்றது.

மெக்சிக்கோவின் தெக்கீலாக் கற்றாழை நிலம் 2006இல் உலக மரபுரிமையாயிற்று. பொத்துவிலிலிருந்து ஒளிப்படக் கருவியோடு வந்த முஸ்லிம் இளைஞனுக்கோ, மார்க்கம் விலக்கிய பொருளின் வாயிலிலே நிற்கும் சங்கடம். பாதத்தையும் கயிற்றையும் படமெடுத்தான், பீப்பாயைத் தவிர்த்தான். அத்தவிர்ப்பு முழு நேர்மையன்று. பாதம் நடந்தது பீப்பாய்க்காகவே. ஆயினும் முட்டியிலே சுண்ணாம்பு பூசிவிட்டால் அதே சாறு புளிப்பதில்லை. அதனைக் காய்ச்சினால், பெருநாள் வட்டிலப்பத்திலே கரையும் கருப்பட்டியாகும்.