நொய்யலோடு இரண்டு நாள்

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த வாரம், எம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் என்னைக் காண வந்தார். கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. இரு பிள்ளைகளின் தந்தை.

“லீவுக்கு எங்காச்சும் கூட்டிட்டுப் போங்கன்னு பிள்ளைங்க நச்சரிக்குதுங்க, சாமி. ஊட்டிக்குப் போனா ஒரு மாசச் சம்பளம் போயிருமுங்க” என்றார்.

“நொய்யலைப் பார்த்து வரலாமே” என்றேன்.

“அந்தச் சாக்கடையைங்களா, சாமி?” என்று வியப்புடன் வினவினார்.

அவ்வினா என் நெஞ்சைத் தைத்தது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கொடுமுடிக்கு அருகே காவிரியுடன் கலக்கும் ஆறு அது. அதனைப் பாலத்தின் மேலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு மட்டுமே நம் பிள்ளைகள் கண்டிருக்கின்றனர். எனவே, அக்குடும்பத்தாருடன் நானும் புறப்பட்டேன்.

முதல் நாள் மேற்கே சென்றோம். கோவையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாடிவயலுக்குப் பேருந்து உண்டு. சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு 2021 முதல் கட்டணம் இல்லையாதலால், தாய்க்கும் மகளுக்கும் செலவு மிகவும் குறைவு. வனத்துறையாரிடம் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் கோவைக் குற்றாலம் அருவிக்குச் சென்றோம். வெள்ளம் மிகுந்த நாள்களில் அங்கே அனுமதி கிடையாது. விசாரித்துச் செல்வது நலம். கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியுமளவு தெளிந்த நீரைக் கண்ட சிறுவன், “இதுவா நொய்யலு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

திரும்பும் வழியில் சித்திரைச்சாவடி அணைக்கட்டையும், பேரூர்ப் படித்துறையையும் கண்டோம். ஆற்று நீரை அணைக்கட்டுகளில் மறித்து, வாய்க்கால் வழியே குளங்களில் நிரப்பிய நம் முன்னோரின் அறிவு போற்றத்தக்கது. உக்கடம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் யாவும் அவ்வேற்பாட்டின் எச்சங்களே. சிங்காநல்லூர்க் குளத்தை 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்துள்ளனர். மாலை வேளையில் கரையோரம் நடந்தாலே போதும். பறவைகள் நம்மைத் தேடி வரும்.

மறுநாள் கிழக்கே பயணமானோம். திருப்பூருக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளம், நொய்யலில் சேரும் நல்லாற்றின் நீரைப் பெறுவது. 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்குளம், 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்தும் இங்கு வந்ததுண்டு.

அங்கிருந்து பேருந்து மாறி மாறிச் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலை அடைந்தோம். பதிற்றுப்பத்து கூறும் ‘கொடுமணம்’ இவ்வூரே என்பர் அறிஞர். 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களைப் பட்டை தீட்டிய தொழிற்கூடச் சான்றுகளும், தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. இன்று அங்கே மாளிகையும் இல்லை, கோபுரமும் இல்லை. வயல்களும், ஈமச்சின்னங்களான கல்வட்டங்களுமே உள்ளன. எனினும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாற்றங்கரையில் தொழில் செழித்தது என்பதை அக்கற்களருகே நின்று எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது.

அருகிலேயே ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது, கிணறுகள் கெட்டன, வயல்கள் பாழாயின. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளிவிடாது சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் ஆலைகளே பின்னர் இயங்க அனுமதிக்கப்பட்டன.

இவ்விவரத்தைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கையில், தந்தை நெடுநேரம் அணையையே நோக்கி நின்றார். பிறகு தாழ்ந்த குரலில், “கல்யாணத்துக்கு முந்தி ஒம்பது வருசம் சாயப்பட்டறையில இருந்தேனுங்க, சாமி. இதுல என் கையும் இருக்குதுங்க” என்றார்.

“உங்கள் கை மட்டுமா? சாயத்துணி உடுத்திய நம் அனைவரின் கையுந்தான்” என்றேன். என் வெள்ளை அங்கியைப் பார்த்துக்கொண்டேன். அதன் வெண்மையும் ஏதோ ஒரு சலவைப் பட்டறையில் பிறந்ததே அன்றோ?

வாசக அன்பர்களே, புறப்பட விரும்புவோர்க்குச் சில சொற்கள்: புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குவாளியில் எடுத்துச் செல்லுங்கள். குடிநீர் மறவாதீர்கள். கிராமப் பேருந்துகள் நாளில் சில தடவையே வருமாதலால், திரும்பும் நேரத்தை நடத்துநரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். நெகிழிப் பை எதனையும் ஆற்றங்கரையில் விட்டு வராதீர்கள். எங்கள் ஐவருக்கும் இரு நாளில் ஆன செலவு, ஊட்டி விடுதியில் ஓர் இரவுக்குக் கேட்கும் வாடகையை எட்டவில்லை.

வீடு திரும்புகையில் பேருந்து நொய்யல் பாலத்தைக் கடந்தது. வழக்கம்போல் நாற்றம் வீசியது. பயணிகள் மூக்கைப் பொத்தினர். சிறுவன் பொத்தவில்லை. சன்னல் வழியே எட்டிப் பார்த்து, “அப்பா, நம்ம ஆறு” என்றான்.