கடுகளவு இரை

ஜெர்மனியின் ஹாம் நகரம் என்றதும் ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்குக் காமாட்சி அம்மன் கோயில் நினைவுக்கு வரும். பாம்பும் பல்லியும் சிலந்தியும் வளர்ப்பவர்களுக்கோ அது சந்தை ஊர். ஆண்டுக்குச் சில முறை அங்கே கூடும் டெராரிஸ்டிகா சந்தையில், சின்னச் சின்ன டப்பிகளில் சிலந்திக் குஞ்சுகள் விற்பனைக்கு வரும். பொசிலோதீரியா எனும் மரவாழ் டரான்டுலாக்களை இங்கே வளர்ப்பவர்கள் நிறைய. அவை நம் ஊர்க்காரர்கள். இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாதவை. ஆந்திரத்தின் குத்தியில் முதலில் கண்டறியப்பட்ட நீலநிற டரான்டுலா அவற்றில் புகழ்பெற்றது. 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதும், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

குஞ்சை வாங்கியவர் அடுத்துத் தேட வேண்டியது அதற்கான இரையை. அந்த இரை உருவாகும் இடத்தைப் பார்க்க, ரூர் வட்டாரத்தில் ஒரு பூச்சிப் பண்ணைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்தான் அனுமதி வாங்கித் தந்தார்.

முதலில் ஈ அறை. 25 டிகிரிச் சூடு, கள்ளுக்கடையைப் போலப் புளித்த வாடை. அலமாரி முழுக்கத் துணி மூடி போட்ட பிளாஸ்டிக் குவளைகள். அடியில் ஓட்ஸ், சர்க்கரை, வினிகர், ஈஸ்ட் கலந்த கூழ், அதன்மேல் மரச்சுருள். கூழில் முட்டையிட்டுப் புழு வளரும். சுருளிலும் சுவரிலும் ஏறிக் கூட்டுப்புழு ஆகும். எல்லாமே பழ ஈ என்றாலும் வகை இரண்டு. மெலனோகாஸ்டர் சுமார் 2 மில்லிமீட்டர். இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஹைடை அதைவிடப் பெரியது, சுமார் 3 மில்லிமீட்டர். அது மூன்று நான்கு வாரம் எடுக்கும்.

இரண்டுமே பறக்க முடியாதபடி தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வகைகள். மெலனோகாஸ்டரில் ஒரு வகைக்குச் சிறகு குட்டையாகவே நிற்கும். 30 டிகிரிக்கு மேல் வளர்ந்தால் அதே ஈக்குச் சிறகு நீளத் தொடங்கும். வெளியிலிருந்து ஒரு காட்டு ஈ உள்ளே நுழைந்து கலந்தாலும், பிறக்கும் குஞ்சுகள் பறக்கும். வெப்பமானியையும் மூடியையும் அண்ணன் மாறிமாறிப் பார்ப்பது அதனால்தான். ஒவ்வொரு குவளையிலும் தேதி எழுதியிருக்கிறது. ஒரு மாதம் தாண்டினால் கழித்துவிடுகிறார்கள். பழைய கூழில்தான் பொடி உண்ணிகள் பெருகும்.

எந்தச் சிலந்திக்கு எந்த இரை என்று கேட்டேன். அளவைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் திசையிலிருந்து தொடங்கினார்.

"ஆள் எங்க இருக்கிறார் எண்டு முதல்ல பாருங்கோ தம்பி. மேல இருக்கிறவருக்கு மேல ஏறுற சாப்பாடு, கீழ இருக்கிறவருக்குக் கீழ போற சாப்பாடு. மற்றதெல்லாம் பிறகு."

இந்தத் தொழிலின் சூட்சுமம் அதில் இருக்கிறது. ஃபிடிப்பஸ் ரேஜியஸ் போன்ற தாவும் சிலந்திகள் டப்பாவின் உச்சியில் பட்டுக்கூடு கட்டும். அசைவைக் கண்ணால் கண்டு பாயும். பழ ஈ வெளிச்சத்தை நோக்கிச் சுவரில் ஏறும். இரண்டும் தானாகச் சந்தித்துக்கொள்ளும். அதே டப்பாவில் சுவர்க்கோழிக் குஞ்சை விட்டால் அது கீழே இறங்கி மண்ணிடுக்கில் பதுங்கிவிடும். மண்ணில் வளை தோண்டும் டரான்டுலாக் குஞ்சுக்கோ அதுதான் வசதி. ஈயும் பெரிதாகத் தெரியும் மிகச்சிறிய குஞ்சுகளுக்கு ஸ்பிரிங்டெயில் எனும் பொடி உயிரி இருக்கிறது. ஈரக் கரித்துண்டுகளில் ஈஸ்ட் தூவி வளர்க்கிறார்கள். தண்ணீர் ஊற்றினால் மிதக்கும், அப்படியே சாய்த்து எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சியவை பூஞ்சையைத் தின்று டப்பாவைச் சுத்தமாக வைக்கும்.

அதற்குப் பிறகே அளவு. சிலந்தியின் வயிற்றைவிட இரை பெரிதாக இருக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. டரான்டுலாக் குஞ்சுக்கு உயிருள்ள இரைதான் வேண்டும் என்பதும் இல்லை. சுவர்க்கோழியின் ஒரு காலையோ மாவுப்புழுவின் ஒரு துண்டையோ வைத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது சுவர்க்கோழி அறை. சூடு இன்னும் அதிகம். வளர்ந்த ஆண் சுவர்க்கோழிகளின் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. முட்டை அட்டைகளை உதறிப் புனல் வழியாக டப்பாக்களில் நிரப்பிக்கொண்டிருந்த பெண் முகக்கவசம் போட்டிருந்தார். பூச்சிகளின் எச்சமும் உரித்த தோலும் தூளாகிக் காற்றில் மிதக்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலருக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரும். இந்த வேலையின் விலை அது.

தொழிலுக்கே விலை வைத்த இன்னொன்று, வீட்டுச் சுவர்க்கோழியைத் தாக்கும் டென்சோவைரஸ். ஐரோப்பாவில் பண்ணைகளைக் காலிசெய்த அந்த நோய் 2009, 2010 வாக்கில் வட அமெரிக்காவையும் உலுக்கியது. பல பண்ணைகள் வேறு சுவர்க்கோழி இனங்களுக்கு மாறின. நோய் பரவாமலிருக்க இங்கும் அறைக்கு அறை செருப்பு மாற்ற வேண்டும்.

வாரக் கடைசியில் பார்சல் அனுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடங்கில் கிடந்தால் பாதி செத்துப்போகும். குளிர்காலத்தில் பெட்டிக்குள் சூட்டுப் பொட்டலம் ஒன்றும் போகும்.

"கனபேர் சிலந்தியை வாங்கிக்கொண்டு போய்ப் பிறகுதான் ஈ கேட்டு எழுதுவினம்," என்றார் அண்ணன். "அதுக்குள்ள பிள்ளை பட்டினி."

சிலந்திக் குஞ்சு வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு அங்கே கற்றதிலிருந்து சில சொற்கள். சமையலறை ஈயைப் பிடித்துப் போடாதீர்கள். பூச்சிமருந்து பட்டதாக இருக்கலாம். வயிறு உருண்டிருந்தால் இரை வேண்டாம். தோல் உரிக்கும் நாளில் டப்பாவில் சுவர்க்கோழி இருந்தால் அது சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிடக்கூடும். தின்னாத இரையை மறுநாளே எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு குவளை ஈ வளர்த்துப் பாருங்கள். அடுத்த தலைமுறை ஈ வந்த பிறகு சிலந்தி வாங்கலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர் சிலந்தி வாங்காமல் இருப்பதே நல்லது.