அண்ணாச்சிக்கு, கச்சிராயபாளையத்திலிருந்து

அன்புள்ள எச். வசந்தகுமார் அண்ணாச்சிக்கு,

நீங்கள் அகஸ்தீஸ்வரத்துக்காரர், நான் கள்ளக்குறிச்சிப் பக்கம். உங்கள் தொகுதியில் எனக்கு ஓட்டு கிடையாது. இருந்திருந்தாலும் காங்கிரஸின் கைச் சின்னத்தில் குத்தியிருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியாது. நேரில் உங்களைப் பார்த்ததும் இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி பேப்பரிலும் டிவியிலும் உங்கள் கடை விளம்பரத்தில் சிரித்த முகமாகக் கும்பிடு போட்டுக்கொண்டு வருவீர்களே, அந்தப் பழக்கம்தான். இருந்தும் உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி நிற்கிறது. பாக்கியை வைத்துக்கொண்டு கடைக்காரனுக்குத் தூக்கம் வருமா?

கல்வராயன் மலைக்கு ஏறுகிற வழியில், கச்சிராயபாளையத்தில், மிக்ஸி கிரைண்டர் டிவி விற்கிறேன். கடை என்றதும் உங்கள் ஷோரூமை நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஷட்டர், ஒரு பையன், ஒரு டிவிஎஸ் 50.

1992-ல் நான் சென்னையில் ஒரு பாத்திரக்கடையில் எடுபிடி. சாப்பாடு, தங்கல் போக மிஞ்சுவதை ஊருக்கு மணியார்டர் பண்ணுவேன். அந்த மணியார்டர் ஃபாரத்தைத் தமிழில் கொண்டுவரச் சொல்லிப் போராடியவர்களில் உங்கள் அண்ணன் குமரி அனந்தன் ஒருவர் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1977-ல் நாகர்கோவில் எம்.பி.யாகி, மக்களவையில் தமிழில் பேசியே தீருவேன் என்று மல்லுக்கு நின்றவர். எட்டாவதோடு நின்ற நான் அம்மாவுக்கு இரண்டு வரி சேர்த்து எழுதியது அந்தத் தமிழ் ஃபாரத்தில்தான். ஆக, உங்கள் குடும்பத்துக்கு நான் இரண்டு கணக்கில் கடன்காரன்.

அம்மாவுக்கு ஒரு டிவி வாங்கித் தர வேண்டும் என்று ஆசை. ஊரில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க அடுத்த தெரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் இருந்ததோ முன்பணத்துக்குத்தான் காணும். உங்கள் கடைக்குள் காலை வைக்கவே கூச்சமாக இருந்தது. கண்ணாடிக் கதவில் என் லுங்கியை நானே பார்த்தேன். உள்ளே இருந்த பையன் என் உடுப்பைப் பார்க்கவில்லை, "எங்க வேலைண்ணே?" என்று கேட்டான். சம்பளச் சீட்டு இல்லை என்றேன். முதலாளி ஜாமீன் போடுவாரா என்றான். போட்டார். 14 இன்ச் கறுப்பு வெள்ளை டிவி, பத்துத் தவணை, ஒரு மஞ்சள் அட்டை. ரேஷன் கார்டு அப்பா பெயரில், வீட்டு வரி தாத்தா பெயரில். அச்சடித்த அட்டை ஒன்றில் என் பெயரை ஒருவன் பேனாவால் எழுதியது அன்றைக்குத்தான். ராத்திரி பஸ்ஸில் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். விடியற்காலையில் கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது தொடை இரண்டும் மரத்துப் போயிருந்தன.

தவணை வியாபாரம் தர்மகாரியம் இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா, எனக்குத்தான் தெரியாதா? ரொக்கத்துக்கு வாங்குகிறவனைவிடத் தவணைக்காரன் கூடத்தான் கொடுக்கிறான். ஆனால் ரொக்கம் சேரும் வரை காத்திரு என்றால் எங்கள் அம்மா ஜன்னலோடே போய்ச் சேர்ந்திருப்பாள். வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து தொழில் படித்துவிட்டு, 1978-ல் சொந்தமாகக் கடை போட்டவர் நீங்கள். வாங்க வந்தவன் தயங்குகிற தயக்கத்தைக் கல்லாவுக்குப் பின்னால் பிறந்தவனைவிடக் கல்லாவுக்கு முன்னால் நின்றவன் சீக்கிரம் கண்டுபிடிப்பான். அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் அப்படித்தான் வந்தன என்பது என் கணக்கு. விளம்பரத்தில் நடிகையைப் போடாமல் உங்கள் முகத்தையே போட்டதிலும் சூட்சுமம் உண்டு. பொருள் பழுதானால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஜனங்களுக்கு ஒரு முகம் கிடைத்தது.

நான் ஊருக்குத் திரும்பி 1998-ல் கடை போட்டேன். வாடிக்கை பாதிக்குமேல் மலை ஜனம். வெள்ளிமலை, கரியாலூர், உள்ளே இன்னும் நடந்து போகிற ஊர்கள். 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்த மலை அது. வரியும் கட்டி, கூலியில்லாமல் வேலையும் செய்தவர்களின் பிள்ளைகள்தான் என் கடைக்கு வருகிறவர்கள். கடன் என்றாலே காடு கைமாறிப் போகும் என்று பயந்து பழகியவர்கள். ஒரு நிதி நிறுவனத்துக்குச் சிலரைக் கூட்டிப் போனேன். சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள். அவர்கள் பெரிய கடுக்காய் மரத்தையா பெயர்த்துக்கொண்டு வருவார்கள்? திரும்பி வந்து நானே அட்டை அடித்தேன், உங்கள் அட்டையைப் பார்த்து. மாதத் தவணை, ஐந்தாம் தேதி.

2003 புரட்டாசியில் நான் செய்த காரியத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். கரியாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. மூன்று தவணை விழவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போய், கிரைண்டரைத் தூக்கிக் கட்டினேன். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் கீழே இறங்கும்போதுதான் கவனித்தேன், கல்லில் மாவு ஈரமாக ஒட்டியிருந்தது. அரைத்துக்கொண்டிருந்தவளைத்தான் நிறுத்தியிருக்கிறேன்.

அன்று ராத்திரி ட்ரங்குப் பெட்டியிலிருந்து என் மஞ்சள் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு மாதம் நான் கட்டவில்லை. அட்டையில் அந்த இரண்டு கட்டமும் காலி. அதற்கடுத்து, யாரோ ஒரு பையன் கையெழுத்தில், தேதி மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறது. திட்டு இல்லை, அபராதம் இல்லை. மறுநாள் கிரைண்டரைக் கழுவித் துடைத்து மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. மலையில் ஏது ஐந்தாம் தேதி? மரவள்ளி வெட்டிச் சேகோ மில் லாரி ஏறினால் பணம். புளி உலுக்கினால் பணம். பலாக்காலத்தில் கொஞ்சம். புரட்டாசி, ஐப்பசியில் வீட்டில் சாமை இருந்தாலே பெரிது. மாதக் கட்டங்களை அடித்துவிட்டு வெட்டு, புளி, பலா என்று மூன்று கட்டம் போட்டேன். வசூல் கூடியதா என்றால் கூடியது. மலைக்குப் போய்ப் பொருளைத் தூக்கி வருவது அதோடு நின்றது.

உங்கள் அரசியலுக்கு வருகிறேன். 2006-ல் நாங்குநேரியில் நீங்கள் ஜெயித்ததும் எங்கள் பஜாரில் ஒரே சிரிப்பு. இலவசக் கலர் டிவி தருவோம் என்று சொன்ன கூட்டணியில் நின்று, தமிழ்நாட்டில் டிவி விற்கிற பெரிய வியாபாரி எம்.எல்.ஏ. ஆகிறார்! இனி நம்ம கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்றார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. 2011-க்குப் பிறகு இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தபோதும் ஆகவில்லை. மலையில் வோல்டேஜ் ஏறி இறங்கி காயில் எரியும், கப்ளர் தேயும், ஜார் உடையும். இலவச மிக்ஸிக்கு நான் விற்ற கப்ளரில் மகள் ஒரு வருஷம் காலேஜ் படித்தாள். ஒரு தடவை மிக்ஸியில் சட்னி அரைத்த வீடு மறுபடி அம்மிக்குப் போகாது. இது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

2011-ல் தோற்றீர்கள். 2014-ல் கன்னியாகுமரியில் பொன். ராதாகிருஷ்ணனிடம் 1,28,662 ஓட்டில் தோற்றீர்கள். 2016-ல் மறுபடி நாங்குநேரியில் ஜெயித்தீர்கள். 2019-ல் அதே ராதாகிருஷ்ணனை அதே கன்னியாகுமரியில் 2,59,933 ஓட்டில் ஜெயித்தீர்கள். விழாத தவணைக்கு நடையாய் நடக்கிறவனுக்குத்தான் இந்தப் பொறுமை வரும். கோடிக்கணக்கில் சொத்து உள்ளவருக்கு டெல்லி எதற்கு என்று நானும் கேட்டவன்தான். இப்போதும் அதற்கு முழுசாகப் பதில் கிடைக்கவில்லை. பணக்காரர்கள் சபைக்குப் போவதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். எங்கள் கள்ளக்குறிச்சித் தொகுதி ரிஷிவந்தியத்தில் ஆரம்பித்து ஏற்காடு வரை நீள்கிறது. சமவெளியும் இரண்டு மூன்று மலையும் ஒரே எம்.பி. தலையில். அப்படிப்பட்ட தொகுதிக்கு, ஐந்தாம் தேதிக்கும் மரவள்ளி வெட்டுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரு ஆள் மக்களவையில் வேண்டும் என்பது மட்டும் என் ஆசை. அது வியாபாரியாக இருந்தாலும் சரி.

நீங்கள் மக்களவையில் என்ன செய்திருப்பீர்கள் என்று பார்க்கக் காலம் விடவில்லை. பதினைந்து மாதம். அதிலும் 2020 மார்ச்சில் ஊரடங்கு, ஏப்ரலில் எம்.பி. நிதியையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 28-ம் தேதி கொரோனா உங்களைக் கொண்டுபோனது. அன்று சாயங்காலம் ஒரு ஷட்டரை மட்டும் இறக்கினேன். காங்கிரஸ்காரன் என்று எவனாவது நினைத்துக்கொள்வானோ என்று இன்னொன்றை விட்டுவிட்டேன். அதற்கு மன்னிக்கவும்.

செப்டம்பர் 1-ல் மாவட்டத்துக்குள் பஸ் விட்டார்கள். ஜூலையிலிருந்து மலைக்கு பஸ் இல்லை, எனக்கு வசூலும் இல்லை. முதல் வாரத்திலேயே ஒருநாள் வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, அந்தக் கிரைண்டர் வீட்டு அம்மா இறங்கியது. அப்போது மகனுக்காக வாங்கிய ஒரு ஃப்ரிட்ஜ் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. "பலா வாங்க ஆளு வரல சாமி. இருக்கறத வாங்கிக்க" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தது. 600 ரூபாய், எல்லாம் பத்தும் இருபதும். கூடவே ஒரு படி சாமை.

சாமையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் அண்ணாச்சி. பிறகு பலா கட்டத்தில் 600 என்று போட்டு, பக்கத்தில் தேதியைத் தள்ளி எழுதினேன்.

இப்படிக்கு,
கச்சிராயபாளையத்துக் கடைக்காரன்